சாவியை எடுத்தும் நிற்காத வண்டி

கடன் வசூல், எடைக்கல் முத்திரை, மழைக்காலத்தில் பருப்பு மூடைகளைக் காப்பாற்றுவது என்று நம் இதழில் அவ்வப்போது எழுதி வருகிறேன். இம்முறை வண்டியைப் பற்றி எழுதுகிறேன். பருப்பு வியாபாரிக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும் என்று சில அன்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எனக்கும் ஒன்றும் தெரியாமல்தான் இருந்தது. தெரியாமல் இருந்ததற்கு நான் கொடுத்த விலையைச் சொல்லவும், அதன் பிறகு கேட்டுக் கற்றுக்கொண்டதைப் பகிர்ந்து கொள்ளவுமே இக்கட்டுரை.

இன்று நம்மில் வண்டி இல்லாத வியாபாரி குறைவு. மொத்த வியாபாரியிடம் லோடு வேன் இருக்கிறது. மளிகைக் கடைக்காரரிடம் மொபெட்டாவது இருக்கிறது. கரண்ட் போனால் ஓட்ட, கடை வாசலில் சிறிய ஜெனரேட்டர் இருக்கிறது. இவை ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் உடனே மெக்கானிக்கைக் கூப்பிடுகிறோம். ஆனால் நிறுத்தினால் நிற்கவில்லை என்றால், "ஓடுகிறதே, அது போதும்" என்று விட்டுவிடுகிறோம். நான் அப்படித்தான் விட்டேன்.

எங்கள் கிடங்கில் நடந்தது

2011-ஆம் ஆண்டு. விருதுநகரில் எங்கள் கிடங்குக்கு ஒரு டீசல் லோடு வேன் இருந்தது. அருப்புக்கோட்டை, திருச்சுழி, காரியாபட்டி லைன் கடைகளுக்கு வாரம் மூன்று நாள் சரக்கு போகும். புரட்டாசி மாதத்தில் ஒரு நாள் டிரைவர் வந்து நின்றார்.

"முதலாளி, வண்டியை ஆப் பண்ணினா நிக்க மாட்டேங்குது."

"எப்பவுமா?"

"இல்ல முதலாளி. சில நாள் ஒழுங்கா நிக்குது. சில நாள் சாவியைக் கையில எடுத்த பிறகும் ஓடிக்கிட்டே இருக்கு."

"அப்போ எப்படித்தான் நிறுத்துற?"

"நாலாவது கியரைப் போட்டு, பிரேக்கை மிதிச்சுக்கிட்டு கிளட்சை விட்டா, ஒரு குலுக்கு குலுக்கிட்டு நின்னுருது."

"நிக்குதுல்ல, ஓட்டு. தீபாவளி வியாபாரம் முடியட்டும், பார்த்துக்கலாம்" என்றேன்.

அவர் மறுபடியும் சொன்னார். பட்டறைக்கு அனுப்பினேன். அங்கே போனால் வண்டி நல்ல பிள்ளையாக நின்றது. "சாவி ஸ்விட்ச் தேய்ந்திருக்கும்" என்று புதிது போட்டார்கள். நான்கு நாளில் பழைய கதை. அடுத்த முறை டீசல் பம்பில் இருக்கும் சோலினாய்டை மாற்றினார்கள். ஒரு வாரம் கழித்து மீண்டும் அதே கதை. இதற்கிடையே சில காலைகளில் பேட்டரி செத்துக் கிடந்தது. பேட்டரிக்கு வயதாகிவிட்டது என்று அதையும் மாற்றினோம். கியரில் போட்டுப் போட்டு நிறுத்தியதில் கிளட்ச் பிளேட்டும் போயிற்று. மூன்றாம் முறை டிரைவர் வந்து சொன்னபோது நான் எரிந்து விழுந்தேன். "எவ்வளவுதான் செலவு பண்ணுறது? உனக்கு ஓட்டத் தெரியலைன்னு சொல்லு" என்றேன். அதன் பிறகு அவர் சொல்வதை நிறுத்திக்கொண்டார்.

கார்த்திகை மாதம், விளக்கு வைக்கும் நேரம். துவரம் பருப்பு ஏற்றுவதற்காக வேனைப் பின்பக்கமாகக் கிடங்குத் திண்ணையில் கொண்டுவந்து சேர்த்தார் டிரைவர். லோடுமேன் ஒருவர், 26 வயதுப் பையன், பின்சக்கரத்துக்குக் கட்டை வைக்கக் குனிந்தார். டிரைவர் சாவியைத் திருப்பினார். எஞ்சின் நிற்கவில்லை. வழக்கம்போல் கியரைப் போட்டுக் கிளட்சை விட்டார். விழுந்தது நாலாவது கியர் அல்ல, ரிவர்ஸ். பிரேக்கில் கால் சரியாகப் பதியவும் இல்லை. வண்டி பின்னால் ஒரு துள்ளுத் துள்ளி, பையனின் வலது பாதத்தில் ஏறி நின்றது.

இரண்டு விரல்கள் நசுங்கிவிட்டன. இன்னும் அரை அடி தள்ளிக் குனிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க இன்றும் பயமாக இருக்கிறது. நான்கு மாதம் அவரால் மூடை தூக்க முடியவில்லை. வைத்தியச் செலவையும் நான்கு மாதக் கூலியையும் கொடுத்தேன். அதை உதவி என்று சொல்லிக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. டிரைவர் அழுதார். தவறு அவருடையது அல்ல என்பது எனக்குத் தெரியும். மூன்று முறை சொன்னவர் அவர். கேட்காதவன் நான்.

பெரியவர் கேட்ட மூன்று கேள்விகள்

மறுநாள், பழைய லாரிகளில் கை தேர்ந்த ஒரு மெக்கானிக்கை நண்பர் ஒருவர் அழைத்து வந்தார். எழுபதை ஒட்டிய வயது. பானட்டைத் திறக்கும் முன் டிரைவரை உட்கார வைத்து மூன்று கேள்விகள் கேட்டார்.

முதல் கேள்வி: சாவியைத் திருப்பிய பிறகு எஞ்சின் எப்படி ஓடுகிறது? எப்போதும்போல் சீராகவா, திக்கித் திணறியா, அல்லது வேகம் ஏறிக்கொண்டே போகிறதா?

இரண்டாவது: அப்போது டேஷ்போர்டு விளக்குகள் அணைகின்றனவா, எரிந்துகொண்டே இருக்கின்றனவா?

மூன்றாவது: இந்தத் தொந்தரவு ஆரம்பித்ததற்குச் சற்று முன்னால் வண்டியில் என்ன வேலை நடந்தது?

சீராகத்தான் ஓடுகிறது, விளக்குகளும் எரிகின்றன என்றார் டிரைவர். மூன்றாவது கேள்விக்குக் கொஞ்சம் யோசித்துவிட்டு, "பாட்டு செட் மாட்டினோம் ஐயா" என்றார்.

பெரியவர் சிரித்தார். பாட்டு செட்டுக்கு மின்சாரம் கொண்டுவரும் ஒயர்கள் இரண்டு. ஒன்று பேட்டரியிலிருந்து எப்போதும் கரண்ட் வரும் ஒயர். மற்றது சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் ஒயர். சாவி இல்லாதபோதும் பாட்டுக் கேட்க வேண்டும் என்பதற்காக, மாட்டியவர் இரண்டையும் ஒன்றாக முறுக்கி, நடுவில் ஒரு சின்ன ஸ்விட்ச் வைத்திருந்தார். அந்த ஸ்விட்ச் போட்டிருக்கும்போது பேட்டரி கரண்ட் செட்டுக்குப் போவதோடு நிற்காமல், சாவி லைனுக்குள்ளும் பின்வழியாகப் புகுந்தது. சாவியைத் திருப்பி முன்வாசலை அடைத்தோம். புழக்கடைக் கதவு திறந்தே கிடந்தது. சோலினாய்டுக்குக் கரண்ட் போய்க்கொண்டே இருந்ததால் டீசலும் போய்க்கொண்டே இருந்தது. கியரில் போட்டு நிறுத்திய பிறகும் அந்தக் கரண்ட் ராத்திரி முழுக்க ஓடியது. பேட்டரி செத்ததற்கும் அதுவே காரணம். பட்டறைக்குப் போகும்போது பாட்டை நிறுத்தி ஸ்விட்சையும் அணைத்துவிடுவார் டிரைவர். அதனால்தான் அங்கே வண்டி ஒழுங்காக நின்றது.

பெரியவர் அதை இரண்டு நிமிடத்தில் நிரூபித்துக் காட்டினார். எஞ்சின் ஓடும்போது சோலினாய்டு ஒயரைக் கழற்றினார். எஞ்சின் அங்கேயே நின்றது. ஆகவே சோலினாய்டில் கோளாறு இல்லை. மறுபடி மாட்டி ஸ்டார்ட் செய்து, சாவியை எடுத்தார், எஞ்சின் ஓடியது. பாட்டு ஸ்விட்சை அணைத்தார், எஞ்சின் நின்றது.

அந்த செட்டைத் தெருவோரத்தில் 150 ரூபாய் கூலிக்கு மாட்டச் சொன்னதும் நான்தான். கடையில் மாட்டினால் 400 ரூபாய் கேட்டார்கள்.

எஞ்சின் எதனால் ஓடுகிறது?

பெரியவரிடமும், பிறகு வேறு சில மெக்கானிக்குகளிடமும் கேட்டு நான் புரிந்துகொண்டதை நம் வியாபார மொழியில் சொல்கிறேன். எஞ்சின் ஓட மூன்று சரக்கு வேண்டும்: எரிபொருள், காற்று, நெருப்பு. மூன்றில் ஒன்றை நிறுத்தினாலும் எஞ்சின் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால், நாம் நிறுத்திவிட்டதாக நினைக்கும் சரக்கு வேறு எந்த வழியாகவோ உள்ளே வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அந்த வழியைக் கண்டுபிடிப்பதே வேலை. கிடங்கில் இருப்பு குறைந்தால் பூட்டை மாற்றிவிட்டுச் சும்மா இருப்போமா? எந்த வழியாகப் போகிறது என்று பார்ப்போம் அல்லவா? நான் வண்டி விஷயத்தில் பூட்டை மாற்றிக்கொண்டே இருந்தேன்.

பெட்ரோல் வண்டியில் நெருப்பு ஸ்பார்க் பிளக்கிலிருந்து வருகிறது. சாவியை எடுத்தால் அந்தப் பொறி நிற்கும். டீசல் வண்டியில் பிளக் பொறி கிடையாது. காற்றை ஏறக்குறைய 16 முதல் 22 மடங்கு வரை அமுக்கினால் அது 500 டிகிரிக்கும் மேல் சூடாகிறது. அதில் டீசலைப் பீய்ச்சினால் தானே எரிகிறது. ஆகவே டீசல் எஞ்சினை நிறுத்த வேண்டுமானால் டீசலை நிறுத்த வேண்டும், அல்லது காற்றை அடைக்க வேண்டும். இந்த வேற்றுமையை மனதில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிது.

பெட்ரோல் வண்டி திக்கித் திணறி ஓடினால்

கார்புரேட்டர் உள்ள பழைய கார், வேன்களில் இது பழைய வியாதி. சாவியை எடுத்த பிறகு எஞ்சின் "டொக் டொக்" என்று இருமி, வண்டியையே உலுக்கி, சில வினாடிகள் ஓடிவிட்டு நிற்கும். இங்கே பிளக் பொறி நின்றுவிட்டது. ஆனால் எஞ்சின் சுற்றும் வரை கார்புரேட்டர் பெட்ரோலை விட்டுக்கொண்டே இருக்கிறது. சிலிண்டருக்குள் படிந்த கரி அடுப்புத் தணல்போல் கனன்று நெருப்பைக் கொடுக்கிறது. டீசல் எஞ்சின்போல் பொறியில்லாமல் ஓடுவதால் இதை மெக்கானிக்குகள் "டீசலிங்" என்பார்கள்.

இதற்குப் பார்க்க வேண்டியவை, செலவு குறைந்ததிலிருந்து வரிசையாக:

1. ஐடிலிங் அதிகமாக வைக்கப்பட்டிருக்கிறதா? எஞ்சின் அணைந்துவிடாமல் இருக்க வேகத்தைக் கூட்டி வைப்பது நம் டிரைவர்களின் வழக்கம். அதனால் கார்புரேட்டரின் வாய் கூடுதலாகத் திறந்திருந்து, அணைத்த பிறகும் பெட்ரோல் கலவை உள்ளே போகிறது. ஒரு திருகைத் திருப்பினால் தீரும், செலவே இல்லை.

2. எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறதா? ரேடியேட்டர் தண்ணீர், பேன் பெல்ட், தெர்மோஸ்டாட் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

3. கார்புரேட்டரில் ஐடிலிங் பெட்ரோலை அடைக்கும் சிறிய சோலினாய்டு சில வண்டிகளில் உண்டு. எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டு எடுத்தால் "டிக்" என்று சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் அதையும் அதன் ஒயரையும் பார்க்க வேண்டும்.

4. அந்த எஞ்சினுக்கு உரிய ஸ்பார்க் பிளக்தானா? பிளக்கில் சூட்டை விரைவில் வெளியேற்றும் வகையும் உண்டு, தாமதமாக வெளியேற்றும் வகையும் உண்டு. வகை மாறினால் பிளக்கின் முனையே தணலாகிவிடும்.

5. டைமிங் சரியாக இருக்கிறதா? பெட்ரோல் கலவை காற்று மிகுந்து மெலிந்திருக்கிறதா? இரண்டும் எஞ்சினைச் சூடாக்கும்.

6. இவை எல்லாம் சரி என்றால் கரி எடுக்க வேண்டும். ஹெட்டை இறக்கும் வேலை, செலவு அதிகம். ஆகவே இது கடைசி.

பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலந்திருந்தாலும் இந்த வியாதி வரும், கரியும் சீக்கிரம் சேரும். கலப்படத்தின் கேட்டை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு குறிப்பிட்ட இடத்தில் நிரப்பிய பிறகு ஆரம்பித்ததா என்று டிரைவரைக் கேட்டுப் பாருங்கள்.

இன்றைய பெட்ரோல் வண்டிகளில் கார்புரேட்டர் இல்லை. கம்ப்யூட்டர் சொல்லும்போது மட்டுமே இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீய்ச்சும். சாவியை எடுத்ததும் அது மூடிக்கொள்வதால் இப்படித் திணறி ஓடுவது அபூர்வம்.

சீராக ஓடினால் ஒயரைப் பாருங்கள்

சாவியை எடுத்த பிறகும் ஒன்றும் நடக்காததுபோல் எஞ்சின் சீராக ஓடினால், கரியையும் பிளக்கையும் குறை சொல்லிப் பயனில்லை. பெட்ரோல் வண்டி என்றால் பிளக்கில் இன்னும் பொறி விழுகிறது. டீசல் என்றால் இன்னும் டீசல் போகிறது. எங்கிருந்தோ கரண்ட் வருகிறது. வழிகள் பொதுவாக நான்கு.

சாவி ஸ்விட்சின் உள்ளே தேய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கலாம். ரிலே ஒட்டிக்கொண்டிருக்கலாம், விரலால் தட்டினால் எஞ்சின் நின்றால் அதுதான். சில பழைய வண்டிகளில் ஆல்டர்னேட்டரிலிருந்து சார்ஜ் விளக்கின் லைன் வழியாகக் கரண்ட் திரும்பி வரலாம். நான்காவது, நாமே வெளியில் மாட்டிய சாமான்கள்: பாட்டு செட், கேபின் பேன், கூடுதல் ஹாரன், ரிவர்ஸ் விளக்கு. இவற்றின் பியூஸை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் எது குற்றவாளி என்று தெரிந்துவிடும். இதற்குக் காசு செலவில்லை. ஸ்விட்ச் வாங்கும் முன் இதைச் செய்ய வேண்டும்.

எஞ்சின் நின்ற பிறகு ரேடியேட்டர் பேன் மட்டும் சில நிமிடம் சுற்றுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பல வண்டிகளில் சூட்டைத் தணிக்க அப்படி அமைத்திருக்கிறார்கள். அது கோளாறு அல்ல.

மொபெட்டும் ஜெனரேட்டரும் தலைகீழ்

சிறு கடைக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பழைய டூ ஸ்ட்ரோக் மொபெட், ஸ்கூட்டர், கடை வாசல் பெட்ரோல் ஜெனரேட்டர் ஆகியவற்றில் பெரும்பாலும் மேக்னெட்டோ இருக்கிறது. அது பேட்டரியின் தயவில்லாமல், சக்கரம் சுற்றச் சுற்றத் தானே பொறியை உண்டாக்கும். இதை நிறுத்த ஸ்விட்ச் கரண்டை வெட்டுவதில்லை. பொறிக்குரிய கரண்டை எர்த்துக்கு இழுத்து வீணாக்குகிறது. ஆகவே காரில் ஒயர் அறுந்தால் எஞ்சின் நிற்கும். மேக்னெட்டோ வண்டியில் அந்த ஸ்விட்ச் ஒயர் அறுந்தால் எஞ்சின் நிற்கவே நிற்காது. ஹேண்டில் பாரை ஆயிரம் தடவை திருப்பியதில் ஒயர் உள்ளேயே அறுந்திருக்கும், அல்லது எர்த் திருகு துருப்பிடித்திருக்கும். சில ரூபாயில் முடியும் வேலை இது.

அதுவரை பெட்ரோல் குழாயை மூடி வைத்துவிட்டால், கார்புரேட்டரில் மிச்சமுள்ள பெட்ரோல் தீர்ந்ததும் எஞ்சின் நின்றுவிடும். பிளக் ஒயரைக் கையால் பிடுங்கி நிறுத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது ஆயிரக்கணக்கான வோல்ட், விளையாட்டு அல்ல.

டீசல் வண்டி நிற்காவிட்டால்

பழைய லாரி, டிராக்டர்களில் நிறுத்துவதற்கு ஒரு கைப்பிடி உண்டு. அதை இழுத்தால் கேபிள் போய் பம்பில் உள்ள லீவரைத் தள்ளி டீசலை அடைக்கும். ஒருவரை உள்ளே இருந்து இழுக்கச் சொல்லி, பானட்டைத் திறந்து பம்பைப் பாருங்கள். லீவர் முழுத் தூரம் நகரவில்லை என்றால் கேபிள் துருப்பிடித்திருக்கிறது, அல்லது கிளிப் நழுவியிருக்கிறது. லீவர் முழுக்க நகர்ந்தும் எஞ்சின் ஓடினால் பம்பின் உள்ளே கோளாறு. டீசல் பம்ப் வேலை பார்ப்பவரிடம்தான் போக வேண்டும்.

அதற்குப் பின் வந்த வண்டிகள் பலவற்றில் கேபிளுக்குப் பதில் 12 வோல்ட் சோலினாய்டு. கரண்ட் இருக்கும் வரை டீசல் வழி திறந்திருக்கும். கரண்ட் போனால் ஸ்பிரிங் அடைத்துவிடும். எங்கள் பெரியவர் செய்த சோதனையே இதற்கு உரைகல். ஒயரைக் கழற்றினால் எஞ்சின் நின்றதா? கோளாறு ஒயரில். கழற்றிய பிறகும் ஓடுகிறதா? சோலினாய்டின் உள் ஊசி அழுக்கிலோ துருவிலோ சிக்கியிருக்கிறது. டீசலில் தண்ணீர் கலந்தால் இது வரும். கழற்றிய ஒயரின் முனை பாடியில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பியூஸ் போகும். சில ஜெனரேட்டர்களில் அமைப்பு நேர்மாறு: நிறுத்தும்போதுதான் சோலினாய்டுக்குக் கரண்ட் போகும். அவற்றில் பேட்டரி செத்தாலோ ஒயர் அறுந்தாலோ நிறுத்த முடியாது.

2020 ஏப்ரல் முதல் விற்பனைக்கு வந்துள்ள பி.எஸ்.6 டீசல் வண்டிகளில் எல்லாம் கம்ப்யூட்டர் வசம். அவற்றில் நாம் ஒயரைக் கழற்றிப் பார்க்க வேண்டாம். ஸ்கேனர் போட்டுப் பார்ப்பவரிடம் விடுவதே நல்லது. ஆனால் வெளியில் மாட்டிய சாமான்களைச் சந்தேகிப்பது அங்கேயும் செல்லும்.

வேகம் ஏறிக்கொண்டே போனால் விலகி ஓடுங்கள்

மூன்றாவது வகைதான் மிகக் கொடியது. சாவியை எடுத்தாகிவிட்டது, டீசல் எஞ்சினின் வேகம் தானே ஏறுகிறது, சைலன்சரில் நீலமாகவோ வெள்ளையாகவோ புகை குபுகுபுவென்று வருகிறது. அப்போது எஞ்சின் டீசலில் ஓடவில்லை. தன்னுடைய ஆயிலையே குடித்து ஓடுகிறது. டர்போவின் சீல் போயிருந்தால் ஆயில் காற்றுக் குழாய்க்குள் வரும். ரிங் தேய்ந்திருந்தாலோ, ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றியிருந்தாலோ பிரீதர் வழியாக வரும். சாவிக்கோ சோலினாய்டுக்கோ இந்த ஆயில் கட்டுப்படாது. ஆயில் தீரும் வரை, அல்லது எஞ்சின் உடையும் வரை ஓடும்.

இதை நிறுத்தக் காற்றை அடைக்க வேண்டும். ஏர் பில்டர் குழாயின் வாயைத் தடித்த பலகையால் மூடலாம். கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பானை அந்த வாய்க்குள் அடிக்கலாம். கையாலோ துணியாலோ ஒருபோதும் மூடக்கூடாது, உள்ளே இழுத்துவிடும். டிரைவர் சீட்டில் இருந்தால், முன்னும் பின்னும் ஆள் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, பிரேக்கை முழு பலத்துடன் மிதித்து, உயர்ந்த கியரில் கிளட்சை விட்டு நிறுத்தப் பார்க்கலாம். வேகம் மிக ஏறிவிட்டால் ஒன்றும் செய்ய வேண்டாம்; ஆட்களை விலக்கிவிட்டுத் தூரமாகப் போய்விட வேண்டும். எஞ்சின் போனால் வேறு எஞ்சின் வாங்கலாம்.

இது வருமுன் ஓர் அடையாளம் காட்டும். ஆயில் ஸ்டிக்கை வாரம் ஒரு முறை எடுத்துப் பாருங்கள். அளவு வேகமாகக் குறைந்தால் எங்கோ ஆயிலைக் குடிக்கிறது. ஊற்றாமலே அளவு கூடியிருந்து டீசல் வாடையும் அடித்தால், டீசல் கசிந்து ஆயிலில் கலக்கிறது. இரண்டும் ஆபத்து. "ஒரு லிட்டர் கூட இருந்தால் நல்லதுதானே" என்று ஆயிலை அதிகம் ஊற்றுவதும் தவறு.

காற்றில் எரியும் ஆவி கலந்திருந்தாலும் டீசல் எஞ்சின் இப்படிக் கட்டு மீறும். அமெரிக்காவில் டெக்சாஸ் சிட்டி என்ற ஊரில் 2005 மார்ச் 23 அன்று ஓர் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் ஆவி கசிந்து வெடித்ததில் 15 பேர் இறந்தார்கள், 180 பேர் காயமடைந்தார்கள். அருகில் எஞ்சின் ஓடியபடி நின்ற ஒரு டீசல் பிக்கப் வண்டி அந்த ஆவியை உறிஞ்சி வேகமெடுத்து, அதிலிருந்தே தீப்பற்றியிருக்கக்கூடும் என்று அந்நாட்டு அரசின் விசாரணை வாரியம் சொன்னது. தின்னர், பெட்ரோல், கேஸ் சிலிண்டர் கையாளும் அன்பர்கள், அவற்றை இறக்கும் இடத்தில் டீசல் வண்டியையோ ஜெனரேட்டரையோ ஓடவிடாமல் இருப்பது நல்லது.

மெக்கானிக்கிடம் என்ன சொல்வது?

"வண்டி நிற்கவில்லை, பாருங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் அவரும் ஊகித்துத்தான் சாமான் மாற்றுவார். ஒரு துண்டுச் சீட்டில் இவற்றை எழுதிக் கொடுங்கள்: எப்போதும் நிற்பதில்லையா, சில நேரம் மட்டுமா; எஞ்சின் சூடான பிறகா, காலையிலேயா; சீராகவா, திணறியா, வேகம் ஏறியா; டேஷ்போர்டு விளக்கு எரிகிறதா; புகை என்ன நிறம்; ஆயில் அளவு என்ன; கடைசியாக வண்டியில் நடந்த வேலை என்ன. இந்தச் சீட்டை எழுதுவதற்கு டிரைவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்க வேண்டும். நாள் முழுவதும் வண்டியோடு இருப்பவர் அவர். அவருக்குத் தெரிந்ததில் பாதிகூட நமக்குத் தெரியாது.

கோளாறு தீரும் வரை கியரில் போட்டு நிறுத்தும் வழக்கத்தை அனுமதிக்காதீர்கள். தவிர்க்க முடியாமல் ஒரு தடவை செய்ய நேர்ந்தாலும், வண்டிக்கு முன்னும் பின்னும் ஒருவரும் இல்லாத இடத்தில் செய்ய வேண்டும். ஆட்கள் சரக்கு ஏற்றி இறக்கும் இடத்தில் கூடவே கூடாது.

கணக்கு

என் பழைய பேரேட்டைப் புரட்டி இந்தக் கணக்கை எடுத்தேன். சாவி ஸ்விட்ச் ரூ. 850. சோலினாய்டு ரூ. 1,400. பேட்டரி ரூ. 3,600. கிளட்ச் பிளேட், கூலியுடன் ரூ. 5,200. வைத்தியச் செலவு ரூ. 41,000. ஆக மொத்தம் ரூ. 52,050. நான்கு மாதக் கூலி தனி. பாட்டு செட்டைத் தெருவோரத்தில் மாட்டியதில் மிச்சம் பிடித்தது ரூ. 250. கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்த பெரியவர் வாங்கிக்கொண்டது ரூ. 200.

அந்தப் பையன் இப்போது எங்கள் கிடங்கில் இருப்புக் கணக்குப் பார்க்கிறார். கூட்டம் குறைவான நேரங்களில் அவர் நடந்து போகும்போது வலது காலைச் சற்றே சாய்த்து வைப்பது தெரியும். அந்தக் காலத்துக்குரிய பற்று எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை.

எங்கள் கிடங்கில் அன்று முதல் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்குகிறது. வண்டியைப் பற்றி டிரைவர் எது சொன்னாலும் அதில் தேதியுடன் எழுத வேண்டும். அன்றைக்கே நானோ என் மகனோ பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். உங்கள் கடையிலும் அப்படி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று மாலை கடை அடைக்கும் முன் உங்கள் டிரைவரைக் கூப்பிட்டு, "வண்டி ஒழுங்கா நிக்குதாப்பா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் சொல்லும் பதிலைப் பொறுமையாகக் கேளுங்கள்.